நடுப்பகல் மெழுகுவத்தி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பன்னிரண்டு மெழுகுவத்திகளையும் விருதுநகர் பஜாரில் வாங்கிக்கொண்டு போனவள் நான்தான். பட்டாசுக் கம்பெனிக்குள் மெழுகுவத்தி கொண்டுபோகிறோமே என்று ஒரு நிமிஷம்கூட எனக்கு உறைக்கவில்லை. லிஸ்ட்டில் எழுதியிருந்தது, வாங்கினேன். நாற்பத்திரண்டு வயதில் இப்படியொரு மடத்தனம் செய்துவிட்டு மற்றவர்கள் மேல் கோபப்பட உனக்கு என்ன தகுதி என்று என் வீட்டுக்காரர் கேட்கிறார். கேட்கட்டும். என் மேல் உள்ள கோபம் தனி, அவர்கள் மேல் உள்ள கோபம் தனி. இரண்டையும் நான் கலப்பதில்லை.

என் பெயர் ஹாஃபிஸா. என் வீட்டுக்காரர் அன்வர் பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடும் கடை வைத்திருக்கிறார். அண்டாவும் நாற்காலியும் அவர் பாடு. மேஜை அலங்காரம் என் பாடு. கல்யாண வீட்டில் மாப்பிள்ளை உட்காரும் மேஜையா, கம்பெனி விருந்தா, எதுவானாலும் விரிப்பு முதல் கடைசிக் கரண்டி வரை ஹாஃபிஸா வைத்தால்தான் சரிவரும் என்று கூப்பிடுகிறவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகவும்தான் சொல்கிறேன்.

பெருநாள் முடிந்து, ஊரில் அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலும் முடிந்து, கொஞ்சம் மூச்சுவிட்ட நேரத்தில் சுகிர்தா போன் செய்தாள். நாரணாபுரம் தாண்டிப் பட்டாசுக் கம்பெனி வைத்திருக்கும் தங்கப்பாண்டியன் அண்ணாச்சியின் மருமகள். தீபாவளிக்கு ஆர்டர் கொடுக்க வடக்கேயிருந்து ஆறு வியாபாரிகள் வருகிறார்கள். ஹோட்டலில் ஏசி அறையில் சாப்பிட்டு அவர்களுக்கு அலுத்திருக்கும். கம்பெனி வளாகத்திலேயே வேப்பமரத்தடியில் விருந்து வைத்தால் என்ன என்பது அவள் யோசனை. கூடவே ஒரு படமும் அனுப்பினாள். ஏதோ குளிர்ப்பிரதேசத்துப் புல்வெளி, ஊதாப் பூக்கள், நடுவில் மெழுகுவத்திகள்.

"வசந்த காலம் தீம், அக்கா. ஆனா ரொம்ப ஜோடிச்ச மாதிரி இருக்கக் கூடாது. ரிலாக்ஸ்டா இருக்கணும். போற போக்குல எடுத்து வச்ச மாதிரி" என்றாள்.

போகிற போக்கில் எடுத்து வைத்த மாதிரி ஒரு மேஜையை அமைக்க ஒன்றரை நாள் ஆகும். அது இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். நான் சரி என்றேன். அவள் அனுப்பிய லிஸ்ட்டில் ஊதாப் பூவை அடித்துவிட்டேன். நம் ஊர்ப் பங்குனியில் வசந்தம் எங்கே இருக்கிறது என்று கேட்பவர்கள் தலையை நிமிர்த்தி ஒரு வேப்பமரத்தைப் பார்த்ததில்லை. வேம்பு பூத்து உதிர்கிற அந்தப் பதினைந்து நாள் போதும் எனக்கு. ஊதாப் பூவை அடிக்கத் தெரிந்தவளுக்கு மெழுகுவத்தியை அடிக்கத் தெரியவில்லை.

முதல்நாள் இடம் பார்க்கப் போனேன். கம்பெனி வாசலில் வாட்ச்மேன் பெத்தணன், வேலைக்கு வரும் பெண்களைச் சோதித்து உள்ளே அனுப்ப ஒரு சின்ன மேஜை போட்டிருப்பார். மேஜை மேல் ஒரு நீல நிறப் பிளாஸ்டிக் டப்பா. தலையில் ஹேர்பின் இருந்தால் அதில் போட வேண்டும். சேலையில் குத்திய ஊக்கு, போன், தீப்பெட்டி எல்லாம் அதற்குள்தான். நைலான் சேலை கட்டி வந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். உள்ளே ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். உடம்பில் தேங்கிய மின்சாரம் இறங்குவதற்காக அதைத் தொட்டுவிட்டுத்தான் அறைக்குள் நுழைய வேண்டும். வெடிமருந்து அப்படிப்பட்டது. ஒரு ஊக்கு உரசினால் போதும்.

மத்தியான நேரம் என்பதால் வேப்பமரத்தடியில் இருபது முப்பது பெண்கள் தூக்குவாளியைத் திறந்து வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மருந்து அறைப் பக்கம் சாப்பிடக் கூடாது, அதனால் அவர்களுக்கு இருப்பது இந்த நிழல் ஒன்றுதான். நான் டேப்பை வைத்து அளந்துகொண்டிருந்ததைப் பார்த்து, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு அம்மாள் கை கழுவிவிட்டு வந்தாள். இடது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோல் சுருங்கி வழவழவென்று இருந்தது. பழைய தீக்காயம். பெயர் அய்யம்மாள். கூட வந்தவள் அவள் மகள் வேல்விழி, அவளும் அங்கேதான் வேலை.

"பந்தி எங்கன போடப் போறீக தாயி?"

"இங்கனதான் அக்கா. மரத்தடியில."

"ஓ. அதான் நாளைக்கு எங்கள சைக்கிள் ஸ்டாண்டுல போய்ச் சாப்பிடச் சொன்னாகளா?" என்றாள் வேல்விழி. சைக்கிள் ஸ்டாண்டுக்குத் தகரக் கூரை. பங்குனி வெயிலில் தகரத்தடி எப்படி இருக்கும் என்று யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

"சும்மா கெட, ஒரு நாளுதான" என்று மகளை அடக்கிவிட்டு, அய்யம்மாள் என் கையிலிருந்த துணியைத் தொட்டுப் பார்த்தாள். சாயம் ஏற்றாத முரட்டுப் பருத்தித் துணி. "நல்ல துணியாத்தான் இருக்கு. ஆனா நிக்காது தாயி. பன்னெண்டு மணிக்கு மேல காத்து இங்கன இருந்து அங்கன அடிக்கும். நாலு மூலையிலயும் கனமா எதையாச்சும் கட்டித் தொங்கவிடுங்க."

அவள் கை காட்டிய பக்கம் ஒரு கம்பி வேலி. வேலிக்கு அப்பால் வரிசையாகச் சிமெண்டு மேடைகள். மேடைகளில் தாள் விரித்து, மருந்து அடைத்த பூச்சட்டியும் சக்கரமும் காயப்போட்டிருந்தார்கள்.

அந்தம்மா அன்று எனக்குச் செய்தது உபகாரம். காற்றின் திசையை அவள் சொல்லியிராவிட்டால் என் விரிப்பு முதல் பத்து நிமிஷத்திலேயே பறந்திருக்கும். ஆலங்குளத்திலிருந்து லோடு ஏற்றி வரும் லாரிக்காரர் ஒருவரிடம் சொல்லி நான்கு வெள்ளைச் சுண்ணாம்புக்கற்கள் வாங்கினேன். சணல் கயிற்றில் கட்டி மூலைக்கு ஒன்றாகத் தொங்கவிட்டேன். பார்க்கவும் லட்சணமாக இருந்தது. அவள் காற்றைச் சொன்னபோது நான் துணியை மட்டும் நினைத்தேன்.

மறுநாள் என் வண்டி வாசலுக்குப் போனபோது பெத்தணன் டிக்கியைத் திறக்க வந்தார். அதற்குள் அவர் போன் அடித்தது, சுகிர்தாதான். "சரிம்மா, சரிம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டுக் கேட்டைத் திறந்துவிட்டார். எனக்கு முன்னால் நின்ற வேல்விழி அப்போதுதான் தலையிலிருந்து இரண்டு ஹேர்பின்னை உருவி டப்பாவில் போட்டாள். நான் பன்னிரண்டு மெழுகுவத்தியோடும் ஒரு தீப்பெட்டியோடும் உள்ளே போனேன். இதை எழுதும்போது என் காது சுடுகிறது.

மேஜையைப் பற்றிச் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் அது நன்றாக வந்திருந்தது. முரட்டுத்துணி மேல் ஆளுக்கொரு பனையோலைத் தடுக்கு. அதன் மேல் மண்தட்டு, தட்டில் வட்டமாக நறுக்கிய வாழையிலை. தண்ணீருக்கு மண் குவளை. நடுவில் சின்னச் சின்னக் கலயங்களில் பூவோடு ஒடித்த வேப்பங்கொத்து, இடையிடையே காம்போடு மாங்காய், நுங்கு. உட்கார நாற்காலி பாதி, கயிற்றுக்கட்டில் பாதி. மரத்திலிருந்து வேப்பம்பூ உதிர்ந்து விரிப்பின் மேல் தானாக விழுந்துகொண்டிருந்தது. அதை நான் துடைக்கவில்லை. அந்த மேஜையிலேயே அழகு அதுதான், அதில் என் கைவேலை எதுவும் இல்லை.

சுகிர்தா பதினொன்றரைக்கு வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "சூப்பர் அக்கா. ஆனா கொஞ்சம் கலைச்சு விடுங்க. அடுக்கி வச்ச மாதிரி தெரியுது." கலைத்தேன். கரண்டிகளைக் கோணலாக வைத்தேன். ஒரு மாங்காயை உருட்டிவிட்டேன். நாப்கின் மடிப்பைத் தளர்த்தினேன். பிறகு அவள் மெழுகுவத்திகளைக் கேட்டாள். கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்துக் கொடுத்தேன். கண்ணாடியில் வெயில் பட்டு வீடியோவில் பளிச்சென்று அடிக்கிறதாம், கூட்டை எடுக்கச் சொன்னாள். எடுத்தேன்.

"காத்தடிக்குதே சுகிர்தா. நடுப்பகல்ல எதுக்கும்மா இது?" என்று கேட்டதோடு என் பொறுப்பு முடிந்துவிட்டது.

"ஒரு மூடுக்குத்தான் அக்கா. அவங்க உட்காரும்போது ஒரு நிமிஷம் எரிஞ்சா போதும். வீடியோ எடுத்துக்குவேன்."

பன்னிரண்டரை மணி. சூரியன் உச்சந்தலையில் நிற்கிறான். அந்த வெளிச்சம் போதவில்லை என்று பட்டாசுக் கம்பெனிக்குள் மெழுகுவத்தி. தீக்குச்சியை உரசியது என் கை. அண்ணாச்சி ஆறு வியாபாரிகளோடு பேசிச் சிரித்துக்கொண்டே வந்தார். மேஜையைப் பார்த்தார், மெழுகுவத்திகளையும் பார்த்தார். முப்பது வருஷமாகப் பட்டாசு போடுகிற மனிதர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. விருந்தாளி முன்னால் மருமகளை எதற்குக் கோபித்துக்கொள்வது என்று நினைத்திருப்பார். ஆனால் வியாபாரிகளில் ஒருவர், வெள்ளைத் தாடிக்காரர், தன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கார் நின்ற பக்கமாகப் போட்டு உட்கார்ந்தார். அதை நான் பார்த்தேன். அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சோறு பரிமாறி, பருப்பு ஊற்றி, நெய் விடும்போது ஒரு காற்று அடித்தது. கல் கட்டிய மூலைகள் அசையவில்லை, நடுத்துணி உப்பியது. ஒரு மெழுகுவத்தி சாய்ந்து காகித நாப்கின் மேல் விழுந்தது. நாப்கின் பற்றிக்கொண்டது, துணியும் கருகத் தொடங்கியது. எரிகிற காகிதத்தில் ஒரு துண்டு எழும்பி, வேலிப் பக்கமாகப் போய், வேலிக்கு இந்தப் பக்கமே அணைந்து விழுந்தது. எத்தனை அடி என்று நான் அளக்கவில்லை. என்னிடம் டேப் இருந்தது, அளந்திருக்கலாம்.

நான் குவளையைத் தேடுவதற்குள் சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து அய்யம்மாள் ஓடிவந்தாள். வெறுங்கால். கையில் அறை வாசலில் தொங்கும் சிவப்பு வாளி, நிறைய மணல். யாரையும் பார்க்கவில்லை, எதுவும் கேட்கவில்லை. மேஜையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை அப்படியே கொட்டிக்கொண்டே போனாள். மெழுகுவத்தி, வேப்பங்கொத்து, நுங்கு, இலை, சோறு எல்லாவற்றின் மேலும் மணல். பின்னாலேயே வேல்விழி இரண்டாவது வாளியோடு வந்தாள். புகை அடங்கியதும் அய்யம்மாள் வாளியைக் கீழே வைத்தாள்.

"மொதலாளி, காத்து அங்கனதான் போகுது" என்றாள். மூச்சு வாங்கியது. அவ்வளவுதான் சொன்னாள்.

சுகிர்தா அழ ஆரம்பித்தாள். அண்ணாச்சி வியாபாரிகளிடம் இந்தியில் ஏதோ சொல்லிச் சிரித்து, அவர்களைக் காரில் ஏற்றி ஹோட்டலுக்கு அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தார். அய்யம்மாள் பக்கம் திரும்பியபோது சிரிப்பு இல்லை.

"வந்தவுக முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே! இப்ப என்ன ஆகிப்போச்சு? ஏதாச்சும் வெடிச்சதா? ஒண்ணும் ஆகலையே? நாளையிலிருந்து இந்தப் பக்கம் வராத."

ஒன்றும் ஆகவில்லை என்பதே அவள் குற்றமாகிவிட்டது.  வெடித்திருந்தால் அவள் படம் பேப்பரில் வந்திருக்கும், ஆளாளுக்கு மாலை போட்டிருப்பார்கள். வெடிக்காமல் பார்த்துக்கொண்டதால் வேலை போயிற்று. அய்யம்மாள் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய்த் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தாள்.

அண்ணாச்சி என்னிடம் வந்தார். "தங்கச்சி, யாராச்சும் கேட்டா அது பேட்டரி மெழுகுவத்தின்னு சொல்லிரு. வம்பு எதுக்கு? அடுத்த மாசம் பேத்திக்குக் காது குத்து வச்சிருக்கேன். பந்தல், மேஜை எல்லாம் ஒங்க கடைதான்."

நான் தலையை ஆட்டினேன். ஆட்டியதை மறைக்கப் போவதில்லை.

சாயங்காலம் வீட்டுக் கொல்லையில் துணியை உதறி விரித்தேன். மெழுகு சொட்டுச் சொட்டாக உறைந்து, ஒவ்வொரு சொட்டிலும் மணல் ஒட்டியிருந்தது. நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஓட்டை, விளிம்பெல்லாம் கறுப்பு. அன்வர் எட்டிப் பார்த்துவிட்டு, "மெழுகுதான, பேப்பர் வச்சு இஸ்திரி போட்டா போயிரும். ஓட்டை பக்கத்த வெட்டிட்டுச் சின்ன மேஜைக்கு வச்சுக்க" என்றார். தொழில்காரர், சரியாகத்தான் சொன்னார். இஸ்திரிப் பெட்டியைச் சூடாகப் போட்டேன். அப்போது வேல்விழி போன் செய்தாள். வண்டியில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்து வைத்திருந்திருக்கிறாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீக. அது பேட்டரி லைட்டாமே? நீங்களும் அதுக்கு ஒத்துக்கிட்டீகளாமே? பேட்டரி லைட்டப் பாத்துட்டு எங்கம்மா மண்ணள்ளிப் போட்டாளாம். பழைய வெடிவிபத்துல இருந்து அவளுக்குப் புத்தி பெசகிப்போச்சாம். கம்பெனி பூராம் அதான் பேச்சு. விஸ்வநத்தத்துல ஒரு கம்பெனியில கேட்டுப் பாத்தோம், அங்கனயும் அதையே சொல்லுதாக. மருந்து வேலைக்குப் புத்தி பெசகுனவள யாரு அக்கா சேத்துக்குவாக?"

 இந்த வேலை மட்டும் போனால் பரவாயில்லை, அடுத்த கம்பெனி உண்டு. புத்தி சரியில்லை என்று பேர் வந்துவிட்டால் இந்த வட்டாரத்தில் எந்த வாசலும் திறக்காது. அந்தப் பேரை ஒட்டவைக்க என் ஒரு தலையாட்டல் போதுமானதாக இருந்திருக்கிறது. போனை வைத்ததும் இஸ்திரிப் பெட்டியை அணைத்தேன்.

"என்ன செய்யப் போற?" என்றார் அன்வர்.

"மேஜை போடப் போறேன்" என்றேன்.

மறுநாள் காலை ஏழு மணிக்குக் கம்பெனி வாசலில் நின்றேன். பெண்கள் சோதனைக்கு வரிசையில் நின்றார்கள். பெத்தணனிடம், "அண்ணே, ஒரு நிமிஷம் தள்ளிக்கோங்க" என்று சொல்லிவிட்டு, அவர் மேஜை மேல் அந்தத் துணியை விரித்தேன். ஓட்டை நடுவில் தெரிகிற மாதிரி இழுத்துச் சரிசெய்தேன். மூலைகளில் சுண்ணாம்புக்கற்களைத் தொங்கவிட்டேன். எரிந்து பாதியான மெழுகுவத்திகளை வரிசையாக நிறுத்தினேன். கோணலாக இல்லை, நேராக. கடைசியாகத் தீப்பெட்டியை எடுத்து அந்த நீல டப்பாவுக்குள் ஹேர்பின்களோடு போட்டேன்.

"இது நான் நேத்து உள்ள கொண்டுபோனது. என்னைய யாரும் சோதிக்கல. இது பேட்டரி இல்ல, திரி. பத்த வச்சது நான். அய்யம்மாள் அக்காவுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்கு. நேத்து இங்கன புத்தியோட இருந்தது அவுக ஒருத்தருதான்." நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். கத்தியிருப்பேன்.

 ஒவ்வொருத்தியாக வந்து துணியைப் பார்த்தார்கள். மருந்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கருகல் எது, கறை எது என்று சொல்லித்தர வேண்டியதில்லை. பார்த்தவள் உள்ளே போகாமல் ஒதுங்கி நின்றாள். அடுத்தவளும் நின்றாள். அரைமணியில் வாசல் நிறைந்துவிட்டது, உள்ளே அறைகள் காலி.

அண்ணாச்சியின் கார் வந்தது. இறங்கி, மேஜையைப் பார்த்து, என்னைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி இது?"

"மேஜை போட்டிருக்கேன் அண்ணாச்சி. ரிலாக்ஸ்டா."

அவர் முகம் கறுத்தது. கூட்டத்தைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "நடந்தது நடந்துபோச்சு. அதான் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகாம பாத்துக்கிட்டவளத்தான வராதன்னீக?" என்றாள் வேல்விழி.

அவரிடம் நேற்று ஹோட்டலில் போய் வாங்கிய ஆர்டர் இருந்தது, ஆள் இல்லை. கொஞ்ச நேரம் போனைப் பார்க்கிற மாதிரி நின்றார். வெயில் ஏறியது. எட்டரை மணிக்கு, யார் முகத்தையும் பார்க்காமல், "வரச் சொல்லுங்க அவள" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மன்னிப்பு என்கிற வார்த்தையை நான் எதிர்பார்த்துக் காத்திருந்தேன். அது வரவில்லை. காது குத்து ஆர்டரும் வரவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பட்டாசுக் கம்பெனியும் என்னைக் கூப்பிடவில்லை. அன்வர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். போகட்டும்.

அய்யம்மாள் ஷேர் ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூட்டம் வழிவிட்டது. அவள் நேராக மேஜைக்கு வந்தாள். பழக்கம் போல ஹேர்பின்னைக் கழற்றி, தீப்பெட்டி கிடந்த டப்பாவிலேயே போட்டாள். பிறகு அந்தத் துணியைத் தடவி, ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"நல்ல துணி தாயி. பாழாப்போச்சே" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அந்த வழவழப்பான தோல் என் உள்ளங்கையில் பட்டது. என்னை மன்னிச்சிருங்க அக்கா என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைச் சொல்ல விடவில்லை. குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"எலையில வச்ச சோத்துல மண்ணப் போட்டுட்டேன் தாயி. சாப்பிட ஒக்காந்தவுகள எழுப்பிவிட்டுட்டேன். அத நெனச்சு ராத்திரி பூராம் உறக்கமே வரல."

சொல்லிவிட்டுக் கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். அறை வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டாள். நான் வெளியே அந்த மெழுகுவத்திகளோடு நின்றுகொண்டிருந்தேன். அந்த ராத்திரி தூங்காமல் கிடந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள் நாலைந்து பேர் இருந்தோம். நான் நன்றாகத் தூங்கியிருந்தேன்.